கூரையில் ஏறச் சொன்ன குரல்

அத்தியாயம் 11

"இண்டைக்காச்சும் கிடைக்குமா மகள்?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஸும்றா நிமிர்ந்து பார்த்தாள். உம்மா மர்ளியா சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் நின்றாள். மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் இதே கேள்விதான்.

"கிடைக்கும் உம்மா. இண்டையில இருந்து என்னப் பழைய போன் கோல் எல்லாம் கேக்குற அறைக்குப் போட்டிரிக்கி."

"கிடைச்சா எனக்கும் அந்தக் குரலக் கேக்கணும். ஆரெண்டு தெரிஞ்சாப் போதும். மத்தத்த நான் பாத்துக்கொள்ளுவன்."

உள்ளே, ஹோலில் போட்ட கட்டிலில், வாப்பா செய்னுலாப்தீன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

இருபத்தெட்டு வருடம் லொறி ஓட்டிய மனிதர். நுரைச்சோலை வெங்காயத்தைத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கொண்டு சேர்த்தவர். கரண்ட் வெட்டுக் காலத்தில், நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற நிலக்கரி ஆலையின் புகைபோக்கி வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க, தாங்கள் மட்டும் மெழுகுதிரியோடு குந்தியிருந்த ஆத்திரத்தில்தான் 'கதிரொளி' கம்பனியின் சோலார் தட்டுகளைக் கூரையில் பூட்டினார். விற்க வந்தவர்கள் தேனாகப் பேசினார்கள். இரண்டாம் வருடம் கடல் காற்றின் உப்பு வயர்களின் முனைகளைத் தின்னத் தொடங்கியபோது, தேனாகப் பேசியவர்கள் ஒருவரும் போனைத் தூக்கவில்லை. தூக்கியவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "உங்கள் முறைப்பாடு பதியப்பட்டுள்ளது. மூன்று நாட்களுக்குள் எமது உத்தியோகத்தர் தொடர்புகொள்வார்."

பதினொரு முறைப்பாடு பதியப்பட்டது. ஒரு உத்தியோகத்தரும் வரவில்லை.

மார்ச் மாதம், மழை விட்ட ஒரு காலை. வீட்டில் வாப்பா மட்டும். கூரையில் புகை மணத்தது. கம்பனிக்குப் போன் எடுத்தார். பிறகு ஏணியை எடுத்தார். பக்கத்து வீட்டு ஜப்பார் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, வாப்பா முற்றத்தில் கிடந்தார். பின்னறைக் கூரை எரிந்துகொண்டிருந்தது.

இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வில்லை. தலையில் பட்ட அடியில் அந்தக் காலையின் நினைவும் சில்லுச் சில்லாக உடைந்துபோனது. "அவங்கதான் ஏறச் சொன்ன" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. 'கூரையில் ஏற வேண்டாமென எமது உத்தியோகத்தர் தெளிவாக அறிவுறுத்தியுள்ளார். அதனை மீறி வாடிக்கையாளர் ஏறியமைக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' பொலிஸில் ஆதாரம் கேட்டார்கள். ஊரில், ஆள் கூலியை மிச்சம் பிடிக்கத் தானே கழற்றப் போய் விழுந்தான் என்றார்கள். போகப்போக வாப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள், நனைந்த படுக்கை விரிப்பை மாற்றுகிற களைப்பில், உம்மாவின் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்தது. "வாணாம் எண்டு சொன்னாங்களாமே, பொறகும் என்னத்துக்கு ஏறின?"

அன்று சுவர்ப் பக்கம் திரும்பியவர்தான் வாப்பா.

அந்த ஒரு சொல்லை உம்மாவால் திருப்பி எடுக்க முடியவில்லை. அதனால் இருந்த ஆத்திரம் முழுவதையும் கம்பனியின் மேல் வைத்தாள். ஸும்றா அதற்கும் மேலே போனாள். அதே கம்பனியின் புத்தளம் கிளையில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டாள். வீடு உம்மாவின் சீதனம், சோலார் ஒப்பந்தமும் உம்மாவின் பெயரில்தான். செய்னுலாப்தீனின் மகளை மர்ளியாவின் முறைப்பாட்டோடு அங்கே யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு அவங்க வாறதுதானே?" என்று உம்மா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ஓம்" என்றாள் ஸும்றா. முகம் சூடானது.

அவர்கள் என்றால் மனேஜர் நஜாத்தும் அவருடைய உம்மாவும். போன மாதம் நஜாத் அவளிடம் நேராகவே கேட்டார், "ஒங்கட வீட்டுக்கு எங்கட உம்மாவக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?" குரல் உயர்த்தாத மனிதர். லுஹர் தொழுகைக்கு நேரம் விடுவார். புதிய பிள்ளைகளுக்கு அவரே பாடம் எடுப்பார். அவளைப் பதிவு அறைக்கு மாற்றியதும் அவர்தான். 'வாப்பாக்குச் சுகமில்ல' என்று மட்டும்தான் அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். மீதியை, நேரம் வரும்போது, அவரிடமே சொல்லி உதவி கேட்கலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

பஸ்ஸில் ஏறியபோது கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

*

பதிவு அறையில் ஒரு கம்பியூட்டர், ஒரு ஹெட்போன், ஒரு கதிரை. போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

உம்மாவின் இலக்கத்தை அடித்தாள். பன்னிரண்டு அழைப்புகள் வரிசையாக வந்து நின்றன. கடைசி அழைப்பு மார்ச் பதினாலு, காலை ஒன்பது இருபது.

பிஸ்மி சொல்லி அழுத்தினாள்.

"மகள், கூரையில வயர் எரியுற மாதிரி மணக்குது." வாப்பாவின் குரல். ஏழு மாதத்துக்கு முந்திய, லொறிக்காரரின் கணீர் குரல்.

"ஐயா, பயப்பிடாதேங்கோ. முதல்ல கீழ மீற்றருக்குப் பக்கத்தில இருக்கிற சுவிட்சை நிப்பாட்டுங்கோ."

இந்தக் குரலை ஸும்றாவுக்குத் தெரியும். லக்சனா. பக்கத்து மேசை. வன்னியிலிருந்து சின்னப் பிள்ளையாகப் பெற்றோருடன் வந்து பாலாவியில் குடியேறியவள். தினமும் தன் சோற்றில் பாதியை ஸும்றாவின் பார்சலில் போடுகிறவள். 'நீயாடி?' என்று ஸும்றாவின் மனம் கொதித்தது.

"அது உருகிப் போயிட்டு மகள். கைய வைக்க ஏலா."

"அப்ப ஒண்டும் செய்ய வேண்டாம் ஐயா. கூரையில மட்டும் ஏறிப் போடாதேங்கோ. வீட்டை விட்டு வெளிய நில்லுங்கோ. நான் இப்பவே ஆளை அனுப்பச் சொல்லிக் கேக்கிறன்."

கடிதத்தில் இருந்த வசனம். அப்படியானால் வாப்பாதான்... ஹெட்போனைக் கழற்றப் போனாள். ஆனால் அழைப்பு முடியவில்லை. சங்கீதம் ஒலித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு இன்னொரு குரல்.

"ஐயா, நான் மனேஜர் கதைக்கிறன். ஒண்டும் பயப்பட வேணாம். ஆள் வாறத்துக்கு மூணு நாளாகும். மேல தட்டுக்குப் பக்கத்துல சின்னப் பெட்டி ஒண்டு இரிக்கி. அதத் தொறந்து வயர இழுத்துட்டாச் சரி. கரண்ட் வராது."

"ஓடு நனஞ்சி கெடக்கு மகன். எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"அஞ்சு நிமிஷ வேல ஐயா. நீங்க கழட்டாட்டி வீடு எரிஞ்சிரும். அதுக்குக் கம்பனி பொறுப்பில்ல. ஏறுங்க."

"சரி மகன். நீங்க சொன்னாச் சரி."

அழைப்பு முடிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாடம் நினைவுக்கு வந்தது. பகலில், தட்டில் வெயில் இருக்கும்வரை, கூரை வயரில் கரண்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். பயிற்சி இல்லாதவன் தொட்டால் உயிர் போகும். பாடம் எடுத்தவர் நஜாத். இந்தக் குரலும் அவருடையதுதான்.

தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

அவர் அனுப்ப நினைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஆள் போயிருக்கும். இந்தக் கிளையிலிருந்து நுரைச்சோலை எவ்வளவு தூரம்?

*

சாப்பாட்டு நேரத்தில் லக்சனாவைப் பின்படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"மார்ச் பதினாலு. நுரைச்சோலை. கூரையில புகை. ஞாபகம் இரிக்கா?"

லக்சனாவின் முகம் வெளுத்தது. "ஏன் கேக்கிற?"

"அது எங்கட வாப்பா."

லக்சனா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஏற வேண்டாம் எண்டுதான் சொன்னனான் ஸும்றா. சத்தியமா. நஜாத் சேரிட்டப் போய், உடன ஆள் அனுப்புங்கோ, வயசுபோன மனுசன் எண்டு கெஞ்சினனான். ஒரு நாளைக்கு ரெண்டு வீட்டுக்குமேல ஆள் அனுப்பினா மேலிடத்தில தனக்குப் பேச்சு விழும் எண்டு சொல்லி, கோலை அவரே எடுத்தவர். அடுத்த நாள் நான் எழுதின குறிப்பில என்ர பாதியை மட்டும் வச்சுக்கொண்டு மிச்சத்தை அழிச்சுப் போட்டார். ஒலிப்பதிவை மட்டும் அவரால அழிக்க ஏலாது. வாய் திறந்தா வேலை போகும் எண்டார். என்ர அம்மாவைப் பாக்க வேற ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்திட்டன்."

அன்று போனை எடுத்த குரலைக் கண்டுபிடித்தால் அதன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்து வந்தவள் ஸும்றா. இப்போது அந்தக் குரல் அவள் முன்னால் விக்கி விக்கி அழுதது.

"அழாத. எனக்கு அந்தப் பதிவு வெளிய வேணும். எப்புடி எடுக்குற எண்டு மட்டும் சொல்லு."

லக்சனா கண்ணைத் துடைத்தாள். வாடிக்கையாளர்கள் கூரைப் படங்களை அனுப்புவதற்கென்று கம்பனிக்கு ஒரு வட்ஸ்அப் போன் இருந்தது. இந்தக் கிழமை அது அவள் பொறுப்பில்.

"நானே அனுப்புறன். வாடிக்கையாளரின்ர இலக்கத்துக்கு வாடிக்கையாளரின்ர பதிவு. அதுல என்ன பிழை?"

"ஆர் அனுப்பின எண்டு அவருக்குத் தெரிஞ்சிரும் லக்சனா."

"தெரியட்டும். என்ர குரலும் அதுல இருக்கு. அந்த ஐயா என்னை மகள் எண்டு கூப்பிட்டவர்."

பன்னிரண்டு ஐம்பதுக்கு, 'கதிரொளி வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில், மர்ளியாவின் போனுக்கு ஒரு ஒலிப்பதிவு போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாவது அழைப்புக்குக் கம்பனி முதன்முதலாக ஓர் உண்மையான பதில் அனுப்பியிருந்தது.

*

ஸும்றா வீட்டுக்கு வந்தபோது உம்மா குசினியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கேட்டுவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஆர் மகள் அந்த மனேஜர்?"

"நம்மட வீட்டுக்கு இப்ப வரப்போற ஆள்தான் உம்மா."

உம்மாவுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் அடுப்படியில் கிடந்த கொள்ளிக்கட்டையைத் தூக்கினாள். "வரட்டும். வாசல்லயே வச்சி..."

"வாணாம். வைங்க அத." ஸும்றா கட்டையைப் பிடித்தாள். "அடிச்சா அவருக்கு ஒரு நாள் நோவு. நாளைக்கு நம்மட மேலதான் பொலிஸ்ல என்ட்ரி போடுவாரு. தேத்தண்ணி ஊத்துங்க. பட்டீஸ் பொரிங்க. நல்லாக் கவனிப்பம்."

"வாப்பாக்குப் பதிவப் போட்டுக் காட்டினியா?"

"இல்ல. போட மாட்டன். நாம சொல்லிக் குடுத்து அவரு சொன்ன எண்டு ஆரும் சொல்லக் கூடாது. அவர்ட காதாலயே கேக்கட்டும்."

உம்மா மகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தாச்சியை அடுப்பில் வைத்தாள்.

அஸர் முடிந்து கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. நஜாத் வெள்ளைச் சேட்டில் இறங்கினார். கூடவே அவருடைய உம்மா பல்கீஸ் மாமி, கையில் பழக்கூடை. நஜாத் கூரையை அண்ணாந்து பார்த்தார். முன்பக்கத் தட்டுகளில் கம்பனியின் மஞ்சள் முத்திரை வெயிலில் மின்னியது.

"அட, எங்கட சிஸ்டம்தானே! நீங்க சொல்லவே இல்லயே ஸும்றா" என்று சிரித்தார். "எப்புடி, நல்லா வேல செய்யுதா?"

"உள்ள வாங்க. சொல்றன்" என்றாள் ஸும்றா.

உள்ளே வந்தவரின் சிரிப்பு ஹோலின் நடுவில் நின்றுபோனது. பின்னறைக்குக் கதவு இல்லை. கரிந்த கூரை வளைகளும், அவற்றின்மேல் கட்டிய நீலத் தறப்பாளும் அப்படியே தெரிந்தன. அவர் கண் மெல்ல இறங்கிக் கட்டிலுக்கு வந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகுக்கு வந்தது. உம்மா இருவரையும் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தாள்.

"ஒங்கட வீட்டுக்காரருக்கு என்ன வருத்தம்?" என்று பல்கீஸ் மாமி உம்மாவிடம் இரக்கத்தோடு கேட்டார்.

"கூரையில இருந்து விழுந்த" என்றாள் உம்மா. "மார்ச் மாசம்."

நஜாத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் பழக்கம் பொல்லாதது. நாளுக்கு நாற்பது பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் தானாக வாயில் வந்தது.

"ஒண்டும் பயப்பட வேணாம் ஐயா. எல்லாம் சரியாயிரும்."

கட்டில் கிறீச்சிட்டது.

வாப்பா கையை ஊன்றித் தலையைத் திருப்பினார். மாதக்கணக்காகச் சுவரை மட்டும் பார்த்த கண் வந்தவரின் முகத்தில் நிலைத்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க மகன்."

"என்ன... என்ன ஐயா?"

"இந்தக் குரல்..." வாப்பா அவரை நோக்கி விரலை நீட்டினார். "ஓடு நனஞ்சி கெடக்கு எண்டு நான் சொன்ன. நீங்க அஞ்சு நிமிஷ வேல எண்டீங்க. கரண்ட் வராது எண்டீங்க. நீங்கதானே? மர்ளியா, இவர்தான். எனக்குப் பைத்தியம் இல்ல. என்ன ஏறச் சொன்ன. இவர்தான் ஏறச் சொன்ன!"

உம்மா ஓடிப் போய்க் கட்டிலின் விளிம்பில் முகத்தைப் புதைத்தாள். "நானும் ஒங்கள நம்பல்லயே... என்ன மன்னிச்சிருங்க." வாப்பாவின் கை தடவித் தடவி அவள் தலையைத் தேடிப் பிடித்தது.

நஜாத் எழுந்தார். "மாமாக்கு நினவு கொஞ்சம் குழம்பியிரிக்கி போல. எங்கட ஒஃபீஸர் தெளிவாச் சொல்லி..."

ஸும்றா போனை மேசையில் வைத்து அழுத்தினாள்.

முழுவதும் ஓடியது. லக்சனாவின் கெஞ்சல், சங்கீதம், பிறகு அந்தக் குரல். 'ஏறுங்க' என்ற கடைசிச் சொல் ஹோலில் விழுந்தபோது பல்கீஸ் மாமியின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் உடுப்பில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"இது ஒன்ட குரல்தானே?" என்று மகனைக் கேட்டார்.

"உம்மா, அது கம்பனிட நடமொற. நான் மட்டும் என்ன செய்யிற?" நஜாத் ஸும்றாவின் பக்கம் திரும்பினார். குரல் கெஞ்சலாக மாறியது. "ஸும்றா, அத அழிச்சிருங்க. நாளைக்கே ஆள் அனுப்பிக் கூரையப் புதுசாப் போட்டுத் தாறன். வாப்பாவக் கொழும்புல காட்டுவம். நமக்குள்ள முடிச்சிக் கொள்ளுவம். உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்க."

எவ்வளவு நாள் இந்தக் கெஞ்சலுக்காகக் காத்திருந்தாள்! அது காதில் விழுந்தபோது, வறண்ட தொண்டையில் இளநீர் இறங்குவது போலிருந்தது. நல்ல பெண்ணாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். அவளுக்கு வெட்கம் வரவில்லை.

"சேர்" என்றாள், அவரே சொல்லிக்கொடுத்த அந்த இனிமையான தொனியில், "உங்கள் கோரிக்கை பதியப்பட்டுள்ளது. பொலிஸிலயிருந்து தொடர்புகொள்ளுவாங்க. மூணு நாளாகாது. பதிவு ஏற்கனவே ஜப்பார் மாமாட்டயும், எங்களுக்காகக் கதைக்கிற லோயர்ட்டயும் போய்ச் சேந்துட்டு."

நஜாத்தின் முகம் மாறியது. இதுவரை யாரும் கண்டிராத ஒரு முகம் அதற்குக் கீழிருந்து வந்தது. "அந்த லக்சனாவா அனுப்பின? அவள நான் நாளைக்கு..."

"பொம்புளப் புள்ளயில கைய வச்சிப் பாரு" என்றார் வாப்பா. சத்தம் பெரிதில்லை. ஆனால் அது பழைய லொறிக்காரரின் குரல்.

நஜாத் விடுவிடென்று வெளியே போனார். போனைக் காதில் வைத்து யாரையோ அழைத்துக்கொண்டே காரில் ஏறிக் கதவை அறைந்தார். ஹோர்ன் அடித்தார். தாயைக் கூப்பிடுகிற ஹோர்ன்.

பல்கீஸ் மாமி எழும்பவில்லை.

"போங்க மாமி" என்றாள் உம்மா சலிப்போடு. "ஒங்களோட எங்களுக்குக் கோவமில்ல. ஆனா இந்த வீட்டுல ஒங்கட மகனுக்குப் பொண்ணில்ல."

"பொண் கேக்க எனக்கு மொகமில்ல." மாமியின் கண் பின்னறைக் கூரையை விட்டு அகலவில்லை. "இதப் போல கறுத்த கூரைய நான் முந்தியும் கண்டிரிக்கன்."

ஸும்றா அவரைப் பார்த்தாள்.

"தலவிலயில. கடல் தொழில் செய்ற மனுசன். பஸ்தியான் எண்டு பேரு. தெரிஞ்ச ஆள் மௌத்தாகிட்டாரு, வாங்க போய்ட்டு வருவம் எண்டு இவன்தான் என்னக் கூட்டிக்கிட்டுப் போன. தான் கம்பனி ஆள் எண்டு வாய் தொறக்க வாணாம் எண்டு வழியெல்லாம் சொன்னான். ஏனெண்டு நான் கேக்கல்ல. செத்தவர்ட பொஞ்சாதி என்ட கையப் புடிச்சிக்கிட்டு, 'போன்ல சொல்லித்தான் ஏறினவர்' எண்டு திரும்பத் திரும்பச் சொல்லி அழுதா. எனக்கு அண்டைக்கி வெளங்கல்ல."

வெளியே ஹோர்ன் நீளமாக அலறியது.

"எப்ப மாமி? எந்த மாசம்?" என்று கேட்டாள் ஸும்றா.

"மாசம் தெரியாது. கோயில் பெரிய திருநாளுக்குக் கொடி ஏத்தின கிழம. ரோட்டெல்லாம் சனம்."

தலவிலத் தேவாலயத்தின் பெரிய திருநாள் ஆடியில். வாப்பா விழுந்தது மார்ச்சில்.

ஒரு மனிதர் இடுப்பொடிந்து கிடப்பது தெரிந்து, கடிதமும் எழுதி அனுப்பி, அதற்குப் பிறகும் அந்தக் குரல் இன்னொரு வீட்டாரையும் போனில் ஏறச் சொல்லியிருக்கிறது.

பல்கீஸ் மாமி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. ஸும்றாவின் முன்னால் வந்து நின்றார்.

"பஸ்தியான்ட வீடு எனக்குத் தெரியும் மகள். நாளைக்கே போகணும். நீ வாறியா, நான் தனியாப் போகவா?"